கேளா ஒலியும் நுண்குமிழியும்: உயிரணுவுக்குள் ஜீனைச் செலுத்தும் ஒரு புதுமுறை

அடுப்பில் வைத்த நீர் கொதிப்பதற்குச் சற்று முன்னர்ப் பாத்திரம் முணுமுணுப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பாத்திரத்தின் அடியில் சூடேறிய நீர் ஆவிக்குமிழிகளாக மாறி மேலெழுகின்றது. மேலேயுள்ள நீர் இன்னும் குளிர்ச்சியாயிருப்பதால் அக்குமிழிகள் வழியிலேயே சுருங்கி மறைகின்றன. அவை மறைந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள நீர் விரைந்து வந்து மோதுகின்றது. அம்மோதலே நம் செவியில் முணுமுணுப்பாக விழுகின்றது. மலையோடையின் சலசலப்பிற்கும் குமிழிகளே காரணம். ஆயின் அங்கே குமிழி உடனே மறைவதில்லை. நீரில் அகப்பட்ட காற்றுக் குமிழி, தட்டிய மணியைப் போல் அதிர்ந்து ஒலிக்கின்றது.

ஆகவே, நீரினுள் உள்ள குமிழிக்கு இருவகைச் செயல்கள் உண்டு. சுருங்கி விரிந்து அதிர்வது ஒன்று. நொறுங்கி மடிவது மற்றொன்று. சமையலறையிலும் ஓடைக்கரையிலும் நிகழும் இவ்விரு செயல்களையும், மனித உடலின் உயிரணுக்களுக்குள் ஜீன்களைச் செலுத்தும் கருவியாக்க இன்று விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். அம்முயற்சியின் அடிப்படை யாது, அஃது எவ்வளவு தூரம் கைகூடியுள்ளது, இன்னும் எஞ்சி நிற்கும் தடைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அடைத்த கதவு

நம் உடலிலுள்ள உயிரணு ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. எந்தப் புரதத்தை எவ்வாறு ஆக்குவது என்ற விதி ஜீன்களில் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு ஜீன் பழுதுபட்டால் அதற்குரிய புரதம் குறைந்தோ திரிந்தோ போகும். காயம்பட்டால் இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியா நோய் அத்தகையது. பழுதுபட்ட ஜீனுக்கு ஈடாக நல்ல ஜீன் ஒன்றை உயிரணுவுக்குள் சேர்த்துவிட்டால் நோயின் வேரையே தொட்டவர்களாவோம் அன்றோ? இதுவே ஜீன் சிகிச்சையின் கருத்து. அனுமதி பெற்ற முதற்சோதனை அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டில், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் செய்யப்பட்டது.

கருத்து எளிது, செயல் அரிது. உயிரணுவை ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கின்றது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அவற்றுள் ஐந்து முதல் பத்துப் பங்கே இச்சவ்வின் தடிப்பு. ஆயினும் அது விழிப்பான காவலாளி. ஜீன் அமைந்துள்ள டி.என்.ஏ. என்ற பொருளோ நீண்ட பெரு மூலக்கூறு, எதிர்மின்னூட்டம் உடையது. சவ்வு தானாக அதனை உள்ளே விடாது. இரத்தத்தில் வெறுமனே விட்டாலோ அங்குள்ள நொதிகள் விரைவில் அதைச் சிதைத்துவிடும்.

உயிரணுவுக்குள் நுழைவதையே தொழிலாகக் கொண்டவை வைரஸ்கள். ஆகவே, நோய் உண்டாக்கும் பகுதிகளை அவற்றினின்றும் நீக்கிவிட்டு, வேண்டிய ஜீனை ஏற்றி அனுப்பும் முறையை விஞ்ஞானிகள் கையாண்டனர். இம்முறையால் விளைந்த நன்மைகள் பெரியன. பரம்பரையாக வரும் ஒருவகைக் குருட்டுநோய்க்கான ஜீன் சிகிச்சை 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் நாட்டிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கடும் ஹீமோபீலியா நோயாளிகள் ஐவருக்கு, அவர்தம் இரத்த மூல உயிரணுக்களிலேயே நல்ல ஜீனை வைரஸ் வழியே ஏற்றி அளித்த சிகிச்சையின் வெற்றி 2024இல் வெளியிடப்பட்டது.

ஆயினும் இவ்வழியில் இடர்களும் உண்டு. 1999இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், வைரஸை உடல் கடுமையாக எதிர்த்ததால் 18 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். பாரிஸ் நகரில் ஜீன் சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் சிலருக்கு, வைரஸ் கொணர்ந்த ஜீன் தகாத இடத்தில் போய் ஒட்டியதால் இரத்தப் புற்றுநோய் உண்டாயிற்று. சிலவகை வைரஸ்களை ஒருமுறை செலுத்தியதும் உடல் எதிர்ப்பொருள்களை ஆக்கிக்கொள்கின்றது. அதன்பின் மறுமுறை அதே வைரஸைச் செலுத்துவதால் பயன் இராது. செலவோ சொல்லுந்தரமன்று. 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹீமோபீலியா சிகிச்சையொன்றின் விலை ஒருவருக்கு 35 இலட்சம் டாலர் என்று குறிக்கப்பட்டது. எனவே வைரஸின் துணையின்றி, வேண்டிய உறுப்பில் மட்டும், வேண்டும்போதெல்லாம் உயிரணுவின் கதவைத் திறக்கும் வழி உண்டா என்ற வினா எழுந்தது.

குமிழியின் வரலாறு

விடையின் ஒரு பகுதி, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. விரைந்து சுழலும் கப்பற் சுழல்விசிறிகள் அரிக்கப்பட்டுக் குழிகுழியாகச் சிதைவது பொறியியலாருக்குப் பெருந்தலைவலியாயிருந்தது. விசிறியின் அருகே நீரின் அழுத்தம் குறைவதால் குமிழிகள் தோன்றுகின்றன; அழுத்தம் மீண்டும் கூடியதும் அவை நொறுங்குகின்றன. அவ்வாறு நொறுங்கும்போது ஒரு சிறு புள்ளியில் மாபெரும் அழுத்தம் விளையும் என்பதை ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு 1917இல் கணக்கிட்டுக் காட்டினார். இரும்பையும் வெண்கலத்தையும் அரிக்கும் வலிமை இந்த அற்பக் குமிழிக்கு உண்டென்பது இவ்வாறு தெளிவாயிற்று.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பணியாற்றிய மின்னார்ட் என்பார் 1933இல் குமிழியின் இசையை ஆராய்ந்தார். குமிழி சிறுக்கச் சிறுக்க அதன் அதிர்வெண் உயர்கின்றது என்று அவர் நிறுவினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள காற்றுக் குமிழி நீரில் வினாடிக்கு ஏறக்குறைய 3,260 முறை அதிரும். ஆரம் ஒரு மைக்ரானாக, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அதிர்வெண் ஆயிரம் மடங்கு பெருகி 30 இலட்சத்தைத் தாண்டும். பரப்பு இழுவிசையும் குமிழியின் உறையும் இவ்வெண்ணை ஓரளவு மாற்றும். எனினும் அளவின் தரம் மாறாது.

மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. அதற்கு மேற்பட்டதே கேளா ஒலி. கருவிலிருக்கும் குழந்தையையும் இதயத்தின் துடிப்பையும் காண மருத்துவர்கள் செலுத்தும் கேளா ஒலியின் அதிர்வெண் பெரும்பாலும் 20 இலட்சம் முதல் 50 இலட்சம் வரை. மிக நுண்ணிய இரத்தக் குழாய்களிலும் தடையின்றிச் செல்லவல்ல குமிழியின் இயல்பான அதிர்வெண்ணும் இதே எல்லையில் அமைந்திருக்கின்றது. ஊஞ்சலை அதன் போக்கிற்கேற்பத் தள்ளினால் சிறு விசையும் பெரும் வீச்சை உண்டாக்குவது போல, மருத்துவமனையிலுள்ள சாதாரணக் கேளா ஒலிக்கருவியே இரத்தத்திலுள்ள நுண்குமிழியை வலிமையாக ஆட்டிவைக்க முடிகின்றது. இயற்கையில் நேர்ந்த இப்பொருத்தமே இப்புதுமுறைக்கு அடிப்படை.

மருத்துவத்தில் குமிழி முதன்முதலில் புகுந்தது காட்சிக்காகவே. 1968இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராமியாக், பிரவீண் ஷா ஆகிய இருவரும், இதயத்தில் ஒரு திரவத்தைச் செலுத்தியபோது கேளா ஒலிப்படத்தில் மேகம் போன்ற எதிரொலி தோன்றுவதை வெளியிட்டனர். திரவத்தோடு சென்ற சிறு குமிழிகளே அம்மேகத்திற்குக் காரணம். அக்குமிழிகள் நிலையற்றவை, நுரையீரலைத் தாண்டுமுன் அழிந்தன. குமிழிக்கு உறையிட்டுக் காக்கும் முயற்சிகள் தொடர்ந்தன. அல்புமின் என்ற புரத உறைக்குள் காற்றை அடைத்த குமிழி மருந்து 1994இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இன்று உபயோகத்திலுள்ள குமிழிகள் அதனினும் திருத்தமானவை. அல்புமினோ, பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருளோ உறையாகின்றது. உள்ளே இருப்பது காற்றன்று. கந்தக ஹெக்சாபுளோரைடு, பெர்புளோரோபுரோப்பேன் முதலிய கனத்த வாயுக்கள். இவை இரத்தத்தில் எளிதில் கரைவதில்லையாதலால் குமிழி சில நிமிடங்கள் நிலைத்து நிற்கும். குமிழிகளின் விட்டம் பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரான் வரை. இரத்தச் சிவப்பணுவின் விட்டம் 7 அல்லது 8 மைக்ரான். ஆகவே சிவப்பணு செல்லும் வழியெல்லாம் குமிழியும் செல்கின்றது. பணி முடிந்ததும் வாயு நுரையீரலை அடைந்து மூச்சோடு வெளியேறிவிடுகின்றது.

கதவு திறக்கும் விதம்

கேளா ஒலி அலை உடலினுள் செல்லும்போது ஒவ்வோரிடத்திலும் அழுத்தம் மாறிமாறிக் கூடிக் குறைகின்றது. நீரும் தசையும் எளிதில் அமுங்கா, வாயுவோ அமுங்கும். எனவே அழுத்தம் கூடும்போது குமிழி சுருங்கியும், குறையும்போது விரிந்தும் ஆடுகின்றது. ஒலி மென்மையாயிருந்தால் ஆட்டம் சீராகத் தொடரும். அப்போது குமிழியை ஒட்டியுள்ள உயிரணுச் சவ்வு தள்ளப்பட்டும் இழுக்கப்பட்டும் தொல்லையுறும். குமிழியைச் சுற்றி எழும் சிறு நீர்ச்சுழல்களும் சவ்வை உராயும். இது ஓடைக்குமிழியின் செயல்.

ஒலி வலிமையாயிருந்தால் குமிழி பன்மடங்கு விரிந்து, பின்னர்த் திடீரென நொறுங்கும். சவ்வின் அருகே நொறுங்கும் குமிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் குலைவதில்லை. ஒரு பக்கத்து நீர் ஊசி போன்ற தாரையாகப் பாய்ந்து சவ்வைக் குத்துகின்றது. இது கொதிகலத்துக் குமிழியின் செயல். கப்பல் விசிறியை அரித்ததும் இதுவே.

கண்ணிமைக்கும் நேரத்தில் இலட்சக்கணக்கான முறை நிகழும் இவ்வாட்டத்தைக் காண்பது எங்ஙனம்? நெதர்லாந்து விஞ்ஞானிகள் இதற்கென்றே அமைத்த ‘பிராண்டாரிஸ் 128’ என்ற நிழற்படக் கருவி வினாடிக்கு இரண்டரைக் கோடி படங்கள் என்ற வேகத்தில் 128 படங்களைத் தொடர்ந்து எடுக்க வல்லது. அதிரும் குமிழி அருகிலுள்ள உயிரணுவைக் குத்தி அமுக்குவதை அதன் துணைகொண்டு கண்ணாரக் கண்டனர்.

இவ்வாறு தாக்குண்ட சவ்வில் தற்காலிகத் துளைகள் தோன்றுகின்றன. வெளியே காத்திருக்கும் டி.என்.ஏ. அத்துளைகள் வழியே உட்புக இடம் உண்டாகின்றது. துளைகள் மட்டுமே வழியென்று கருதலாகாது. தூண்டப்பட்ட உயிரணு, தன் சவ்வைப் பைபோல் மடித்து வெளிப்பொருள்களை விழுங்குவதும் அப்போது மிகுகின்றது. சவ்வு கிழிந்ததும் வெளியிலுள்ள கால்சியம் உள்ளே புகுகின்றது. அதுவே அபாய அறிவிப்பாகி, உயிரணு தன் கிழிசலைத் தானே தைத்துக்கொள்ளத் தொடங்குகின்றது. சில வினாடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் கதவு மீண்டும் அடைபடுகின்றது.

இம்முறையின் சூட்சுமம் முழுவதும் அளவில் அடங்கியுள்ளது. ஒலி குறைந்தால் கதவு திறவாது. மிகுந்தால் திறந்த கதவு மூடாது, உயிரணு மடிந்துவிடும். கேளா ஒலிக்கருவிகளுக்கு ‘இயந்திரக் குறியெண்’ என்றோர் அளவை உண்டு. ஒலி அலையின் மிகக் குறைந்த அழுத்தத்தை மெகாபாஸ்கலில் கணக்கிட்டு, அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறுவது அது. படமெடுக்கும் கருவிகளில் அது 1.9ஐ மிஞ்சலாகாது என்பது அமெரிக்க அரசின் விதி. இரத்தத்தில் குமிழிகள் இருக்கும்போதோ, இவ்வெல்லைக்கு உட்பட்ட ஒலியாலும் நுண்குழாய்கள் கசியக்கூடும் என்பதை விலங்குகளில் நடந்த சோதனைகள் காட்டியுள்ளன. ஆதலின் ஒலியின் வலிமை, நேரம், இடைவெளி, குமிழியின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் ஒருங்கே சீர்தூக்க வேண்டியுள்ளது.

சோதனைகள் கூறுவன

கேளா ஒலியால் உயிரணுவுக்குள் டி.என்.ஏ.யைச் செலுத்த முடியும் என்பது 1987இலேயே ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டது. 1997இல் பாவோ, திரால், மில்லர் ஆகிய மூவரும் புரத உறைக் குமிழிகளைச் சேர்த்து, வெள்ளெலி இனத்து உயிரணுக்களில் மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் ஜீனைச் செலுத்தினர். ஜீன் உள்ளே சென்று வேலை செய்தால் உயிரணு ஒளியை உமிழும். எனவே வெற்றியை அளந்தறிய அது தக்க அடையாளம். ஒளி தோன்றிற்று, ஆயின் உயிரணுக்களிற் பல மடிந்தன என்பதையும் அவர்கள் பதிவு செய்தனர்.

2000ஆம் ஆண்டில் எலியின் இதயத்தில் இம்முறை சோதிக்கப்பட்டது. ஜீனைச் சுமந்த வைரஸைக் குமிழிகளோடு சேர்த்து இரத்தத்தில் விட்டு, இதயத்தின் மீது மட்டும் கேளா ஒலியைச் செலுத்தினர். குமிழிகள் இதயத்தில் உடைந்து, அங்கேயே ஜீன் வேலை செய்தது. 2006இல் வைரஸின்றி, வளைய வடிவான பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ.யையே குமிழியோடு சேர்த்து எலியின் கணையத்தில் செலுத்தினர். மனித இன்சுலினை ஆக்கும் ஜீன் அங்கே தொழிற்பட்டு, இரத்தத்தின் சர்க்கரை அளவு குறைந்தது.

இச்சோதனைகள் அனைத்தினும் தெளிவான பயனைக் காட்டியது, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சீடர்ஸ்-சைனாய் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்தோர் 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியாகும். எலும்பு முறிந்து ஒரு பகுதியே இல்லாமற்போனால் அவ்விடைவெளி தானாக நிரம்பாது. நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து ஒட்டுவதே வழக்கமான சிகிச்சை. அதனால் மற்றொரு புண்ணும் வலியும் சேர்கின்றன. இவ்விஞ்ஞானிகள் குள்ளப் பன்றிகளின் கணைக்காலெலும்பில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்கி, அதில் கொலாஜன் என்ற புரதத்தாலான பஞ்சை வைத்தனர். இரு வாரங்களில் உடலின் மூல உயிரணுக்கள் தாமே அப்பஞ்சில் வந்து குடியேறின. அதன்பின், எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தின் ஜீனையும் நுண்குமிழிகளையும் அங்கே ஊசியால் செலுத்தி, வெளியிலிருந்து கேளா ஒலியைப் பாய்ச்சினர். ஆறு வாரங்களில் எலும்பு கூடிற்று. இடுப்பெலும்புத் துண்டை ஒட்டியதற்கு நிகரான உறுதி அதற்கிருந்தது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. செலுத்திய ஜீன் சில நாட்களே வேலை செய்தது. எலும்பு கூடுவதற்கு அதுவே போதுமானதாயிற்று. வேலை முடிந்தபின் ஜீன் ஒழிந்துபோவது இங்கே குறையன்று, பாதுகாப்பாகும்.

எஞ்சிய தடைகள்

வாழ்நாள் முழுதும் புரதம் வேண்டிய ஹீமோபீலியா போன்ற நோய்களில் நிலைமை வேறு. அங்கே ஜீன் நெடுங்காலம் உழைத்தல் வேண்டும். குமிழி வெளிக்கதவைத் திறந்துவிட்டாலும், டி.என்.ஏ. உயிரணுவின் உள்ளறையாகிய உட்கருவை அடைந்தாலன்றிப் பயனில்லை. வழியில் அதனைச் சிதைக்கும் நொதிகள் பல. வைரஸ் இவ்வழியை நன்கறியும்; பிளாஸ்மிட்டோ வழிதெரியாத விருந்தாளி. ஆகவே இம்முறையின் பயன்திறன் இன்னும் வைரஸுக்கு நிகராகவில்லை. டி.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும் நேர்மின்னூட்டமுள்ள உறையைக் குமிழிக்கு இடுவது முதலிய திருத்தங்கள் ஆராயப்பட்டு வருகின்றன.

உடலின் அமைப்பும் ஒரு தடை. எலும்பும், காற்று நிறைந்த நுரையீரலும், வாயுவுள்ள குடலும் கேளா ஒலியைத் தடுத்துச் சிதறச் செய்யும். எலியின் ஈரல் தோலுக்குச் சற்றுக் கீழே உள்ளது. மனிதனின் ஈரலோ பெரியது, விலா எலும்புகளால் மறைந்தது. எலியில் வென்றது மனிதனிடம் வெல்லும் என்று கொள்வதற்கில்லை.

மனிதரிடம் இவ்வழி ஒரு படி முன்னேறியுள்ளது, ஜீனுக்காக அன்று, மருந்துக்காக. நார்வேயின் பெர்கன் நகரில் கணையப் புற்றுநோயாளிகள் பதின்மருக்கு வழக்கமான மருந்தோடு குமிழியும் கேளா ஒலியும் அளித்ததன் பயன் 2016இல் வெளியாயிற்று. முன்னர் மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 8.9 மாதமாயிருக்க, இவர்களுடையது 17.6 மாதமாயிற்று. எண்ணிக்கை சிறிது, ஒப்பிட்டதும் பழைய நோயாளிகளோடு. ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. மூளையின் இரத்தக் குழாய்களிலுள்ள தடையைச் சிறிது நேரம் விலக்கி மருந்தைச் செலுத்தும் சோதனை 2015இல் கனடாவின் டொரன்டோ நகரில் நோயாளியிடம் தொடங்கிற்று. எனினும் நுண்குமிழி வழியான ஜீன் சிகிச்சை எதுவும் இன்னும் மருத்துவமனையின் அன்றாடச் சிகிச்சையாகவில்லை.

நமக்கு இதனால் என்ன?

இந்தியா போன்ற நாட்டிற்கு இவ்வாராய்ச்சியில் தனி அக்கறை உண்டு. ஜீன் சிகிச்சை உலகில் இருக்கின்றது. ஆயின் அதன் விலை அதனைப் பெரும்பாலோருக்கு இல்லாததற்குச் சமமாக்கிவிடுகின்றது. பிளாஸ்மிட்டைப் பாக்டீரியாக்களில் வளர்த்தெடுப்பது, சிகிச்சைக்குரிய வைரஸைத் தயாரிப்பதைக் காட்டிலும் எளிது. கேளா ஒலிக்கருவியோ சிறு நகரங்களிலும் மருத்துவருக்குப் பழக்கமான சாதனம். அக்கருவி சிகிச்சைக்கேற்ற திருத்தங்களைப் பெறவேண்டும் என்பது உண்மையே. ஆயினும் தொடக்கம் புதிதன்று. சிகிச்சை நடக்கும்போதே குமிழி சேரும் இடத்தைத் திரையில் காணவும் முடியும். ஒருமுறை போதாதெனின் மறுமுறை செய்யவும் வழியுண்டு.

எனினும் நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. ஒலியின் அளவைப் பௌதிக அறிஞரும், குமிழியின் உறையை ரசாயன அறிஞரும், ஜீனின் அமைப்பை உயிரியல் அறிஞரும், நோயாளியின் நலனை மருத்துவரும் ஒருங்கே கவனித்தாலன்றி இம்முறை முழுமை பெறாது. கப்பலின் விசிறியை அரித்த அதே குமிழியை, ஓர் உயிரணுவின் கதவை மென்மையாகத் தட்டுமாறு பழக்குவதே அவர்கள் முன்னுள்ள பணி. அதே விசை அழிக்கவும் செய்யும், ஆக்கவும் செய்யும். இரண்டிற்கும் இடையே நிற்பது அளவு ஒன்றே. அவ்வளவைக் கண்டறியும் நாளில், எலும்பு முறிந்தவருக்கும் இரத்தம் உறையாதவருக்கும் எட்டக்கூடிய ஒரு சிகிச்சை பிறக்கும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.